பெரிய வீட்டிலிருந்து ஃப்ளாட்டுக்கு: ஸ்டீரியோ செட்டில் எதை வைத்துக்கொண்டேன், எதைக் கொடுத்தேன்

திருச்சி தில்லைநகர் வீட்டை விற்றுவிட்டு, போன வருடம் ஆடி முடிந்த கையோடு சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்தோம். மொத்தமே 780 சதுர அடி. மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், மனைவியின் முழங்காலுக்கு மாடிப்படி ஒத்துவரவில்லை. அதனால் வந்ததில் வருத்தம் எதுவும் இல்லை. பீரோ, ஊஞ்சல், தேக்குக் கட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு வாரத்தில் வழி பிறந்துவிட்டது. தீராமல் நின்றது மஸ்கட்டில் வேலை பார்த்தபோது ஒவ்வொன்றாகச் சேர்த்த ஸ்டீரியோ செட்தான். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 மார்க் 2 ரெக்கார்டு பிளேயர், சான்சூயி ஆம்ப்ளிஃபயர், ஒரு கேசட் டெக், 12 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஸ்பீக்கர்) வைத்த இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், 300 எல்.பி. ரெக்கார்டுகள். பம்பாயில் இறங்கிச் சுங்க வரி கட்டி, ரயிலில் பக்கத்திலேயே உட்கார்ந்து கொண்டுவந்த சாமான்கள். இப்போது வீடு மாற இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் விலைதான் விசாரித்தேன். பழைய சாமான் எடுப்பவர் எடைக்குக் கேட்டார். எக்ஸ்சேஞ்ச் கடையில் மொத்தத்துக்கும் 1,500 ரூபாய் என்றார்கள். அப்புறம் பெங்களூரிலிருந்து ஒரு இளைஞர் படத்தைப் பார்த்துவிட்டு அன்று இரவே கூப்பிட்டார். அவருக்கு ரெக்கார்டு பிளேயர் மட்டும் போதும். அந்த மாடலில் மோட்டார் நேராகத் தட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, இற்றுப்போக பெல்ட் கிடையாது, அதனால்தான் 40 வருடம் கழித்தும் ஓடுகிறது என்று அவர்தான் விளக்கினார். 2010இல் அந்த வரிசையை நிறுத்திய கம்பெனி, 2016இல் திரும்பவும் தயாரிக்கத் தொடங்கியதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நல்ல விலை சொன்னார். கடைசியில், "பணம் இப்பவே அனுப்பறேன் சார். ஆனா ஒரு தடவை போட்டுக் கேட்டுட்டு அப்புறம் முடிவு சொல்லுங்க" என்றார்.

நான் அதைப் போட்டுக் கேட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக அந்தத் தம்பிக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

மறுநாள் காலையில் துணியை விலக்கி, பிளக்கைச் செருகினேன். வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். இடது பக்க ஸ்பீக்கரில் ஒன்றுமே வரவில்லை. முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். வூஃபரின் கூம்பைச் சுற்றி ஒரு ஃபோம் வளையம் இருக்குமே, அதை விரலால் தொட்டதும் அப்படியே உதிர்ந்தது. விரல் நுனியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அந்த ஃபோம் காற்று ஈரத்தில் வருடக்கணக்கில் இற்றுப்போகும். ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

மலைக்கோட்டைப் பக்கம் 70 வயது தாண்டிய ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வால்யூம் கன்ட்ரோலுக்குள் கிளீனர் அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஐம்பது தடவை திருப்பினார், கரகரப்பு போய்விட்டது. பவர் சப்ளையில் இருந்த இரண்டு பெரிய கண்டென்சர்களை மாற்றினார். வூஃபருக்குப் புது ஃபோம் ஒட்டுவதுதான் நுட்பமான வேலை. கூம்பு மயிரிழை நகர்ந்தாலும் அதன் அடியில் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், காந்தத்தில் உரசும். அதனால் நடுவில் இருக்கும் மூடியை பிளேடால் அறுத்தெடுத்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை மெல்லிய பட்டைகளாக வெட்டி, காயிலைச் சுற்றி நாலு பக்கமும் செருகினார். பசை காய ஒரு நாள் விட்டு, பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். கட்டைவிரல்களால் கூம்பை அழுத்திக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். "உரசல" என்றார். எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய்.

அன்று சாயங்காலம் ஒரு நாதஸ்வரக் கச்சேரி எல்.பி.யைப் போட்டேன். எங்கள் கூடம் 26 அடி நீளம், இரண்டு பக்கமும் கதவு திறந்து தாழ்வாரம். தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. மனைவி அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து தூணோரம் நின்றாள். பக்கம் முடிந்து முள் தூக்கும்வரை பேசவில்லை. அப்புறம், "இதைக் கொடுக்கணும்னு யாருங்க சொன்னா?" என்று கேட்டாள். சரி என்று அத்தனையையும் லாரியில் ஏற்றிவிட்டேன்.

மடிப்பாக்கத்தில்தான் விஷயம் புரிந்தது. ஸ்பீக்கரை வைக்க முடிந்த ஒரே அறை 10க்கு 11 அடி. அதே ரெக்கார்டு, அதே ஆம்ப், ஆனால் தவில் கொழகொழவென்று ஒரே குமுறலாகக் கேட்டது. காரணம் அறைதான். 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் சுமார் 22 அடி. 11 அடி அறையில் அதன் பாதி அச்சாகப் பொருந்தி, இரண்டு சுவருக்கும் நடுவில் தேங்கி நின்றுவிடும். அந்த ஒரு அதிர்வு மட்டும் வீங்கி மற்றதை விழுங்கும். இங்கே வைத்து, அங்கே வைத்து, போர்வை தொங்கவிட்டு எல்லாம் பார்த்தேன். கொஞ்சம்தான் குறைந்தது. போதாததற்குப் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. தாழ்ந்த சுரங்கள் சுவரைத் தாண்டிப் போகும். சத்தத்தைக் குறைத்தால் அந்தப் பெரிய பெட்டிகளில் உயிரே இல்லை.

நாலு வாரம் பார்த்துவிட்டு ஸ்பீக்கர்களைக் கொடுத்துவிட்டேன். தாம்பரம் தாண்டிப் பரதநாட்டிய வகுப்பு நடத்தும் ஒரு ஆசிரியைக்கு. அவர்கள் கூடம் 30 அடி. கொண்டுபோய் இணைத்துக் கொடுத்த அன்று மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) நான் திருச்சியில் கேட்டதுபோலவே வந்தது. அது வாழவேண்டிய இடம் அதுதான் என்று மனதாரத் தோன்றியது.

பிளேயரையும் ஆம்பையும் வைத்துக்கொண்டேன். ஆம்பை ஏன் வைத்தேன் என்று சொல்கிறேன், பலர் தவறுவது இதில்தான். ரெக்கார்டு பிளேயரிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் சிக்னல். தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிந்திருப்பார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்யும் 'ஃபோனோ' இணைப்பு பழைய ஆம்பில் உள்ளேயே இருக்கிறது, இப்போது விற்கும் சின்ன புளூடூத் ஆம்ப் பலவற்றில் இல்லை. ஆம்பை விற்றால் பிளேயருக்காக வேறு ஒன்று வாங்கவேண்டியிருக்கும். 5 அங்குல வூஃபர் வைத்த சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன். இந்த அறைக்கு அது போதும், தவில் மறுபடியும் தவிலாகக் கேட்கிறது.

ரெக்கார்டுகள் உறையோடு சேர்த்துத் தோராயமாகக் கால் கிலோ. 300 என்றால் 75 கிலோ, சுவர் அலமாரி தாங்காது. 110 வைத்துக்கொண்டேன். நிற்கவைத்துத்தான் அடுக்கவேண்டும், லாஃப்டில் படுக்கவைத்தால் சென்னை வெயிலுக்கு வளைந்துபோகும். கேசட் டெக்கும் ஒரு பெட்டி கேசட்டும் மட்டும் இன்னும் கட்டிலடியில் கிடக்கின்றன. அதைப் போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

*

மதுரையிலிருந்து எழுதுகிறேன். நான் உங்களுக்கு நேர் எதிராகச் செய்தவன். 2012இல் சின்ன வீட்டுக்கு வந்தபோது எதையும் பிரிய மனமில்லாமல் எல்லாவற்றையும் பாலிதீனில் சுற்றி, டேப் ஒட்டி, பரணில் வைத்தேன். பத்திரமாக இருக்கும் என்று நம்பினேன். ஆறு வருடம் கழித்துப் பிரித்தால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்தில் ரெக்கார்டு உறைகளெல்லாம் பூஞ்சை. என் பிளேயர் பெல்ட் மாடல். பெல்ட் உருகித் தார்போலக் கப்பியில் ஒட்டியிருந்தது. என் சிநேகிதர் ஒருவர் அன்றைக்கே கேட்டார், கொடுத்திருந்தால் இன்று அவர் வீட்டிலாவது பாடிக்கொண்டிருக்கும். புது வீட்டில் பிளக்கில் செருகி வைக்க இடம் இருந்தால் மட்டும் கொண்டுபோங்கள், வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். பரணில் வைக்கப்போவதாக இருந்தால், ஓடுகிற நிலையிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

*

சார், வணக்கம். கோவையிலிருந்து. கேசட் டெக்கைத் தயவுசெய்து இப்போதே போட்டுவிடாதீர்கள்.

அப்பாவிடம் 140 கேசட் இருந்தது. எல்லாம் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய டி.டி.கே. 90கள். அந்தப் பாட்டெல்லாம் இன்று போனிலேயே கிடைக்கிறது, ஒன்றுவிடாமல் கொடுத்துவிட்டோம். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு அட்டையையும் படித்தேன். நாலு கேசட்டில் பாட்டு லிஸ்ட் இல்லை. ஒன்றில் அப்பா கையெழுத்தில் 'நலங்கு, 1983' என்று மட்டும் இருந்தது. அது அப்பத்தா பாடியது. கல்யாணத்தன்று யாரோ டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்திருக்கிறார்கள். இடையில் பாத்திரம் விழுகிற சத்தம், என் பெரியம்மா சிரிப்பது, எல்லாம் இருக்கிறது. உலகத்தில் அது ஒரே ஒரு பிரதி.

டெக்குக்குப் பெல்ட் மாற்றினோம். டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், பழுப்பாக வந்தது. நலங்கு கேசட்டில் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்றிருந்ததால் சத்தம் மங்கியது. வேறொரு கேசட்டின் ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, டேப்பை அந்தக் கூட்டுக்குள் மாற்றிப் பூட்டினேன். அப்புறம் டெக்கின் பின்னால் ஒலி வெளியே வரும் லைன் அவுட்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர் போட்டுப் பதிந்துவிட்டேன். வேலை முடிந்த பிறகுதான் டெக்கை ஒரு கல்லூரி மாணவருக்குக் கொடுத்தோம். நாலு கேசட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.

*

கோவை அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கே கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். 62 கேசட். நானும் மனைவியும் தரையில் உட்கார்ந்து அட்டை அட்டையாகப் படித்தோம். பெரும்பாலும் கச்சேரியும் சினிமாப் பாட்டும்தான். அடியில் ஒரு சோனி 60, அட்டையில் என் தம்பி கையெழுத்து: 'அண்ணனுக்கு, பொங்கல் 86'. கடிதத்துக்குப் பதிலாக வீட்டில் எல்லோரும் பேசிப் பதிந்து மஸ்கட்டுக்கு அனுப்பியது. அதில் என் அம்மாவும் பேசியிருக்கவேண்டும். கேட்ட ஞாபகம் இருக்கிறது, என்ன சொன்னாள் என்பது இல்லை.

டெக்கில் பெல்ட் போயிருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.