நெல்லா, உளுந்தா, காய்கறியா: பர்மாவில் நாளைக்கு யார் நிலைப்பார்? பர்மாத் தமிழர் நால்வரின் பேச்சு

பீகு விவசாயி:
மழைக்கால நெல் அறுத்ததும் அந்த ஈரத்திலேயே உளுந்து விதைக்கிறோம். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, யூரியாச் செலவும் இல்லை. மூன்றே மாதத்தில் மூட்டை, சென்னையில் இட்லிக்கு அரைக்கிறார்கள். உர விலை ஏற ஏற நெல்லை மட்டும் நம்புகிறவர் விழுவார், உளுந்துக்காரர் நிற்பார். இதுதான் என் கட்சி.

ரங்கூன் கடைக்காரர்:
தம்பி, 2017 ஆகஸ்ட் மறந்துபோச்சா? துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இந்தியா இறக்குமதிக்கு வரம்பு கட்டியது. இங்கே விலை சரிந்தது. இந்த நாட்டில் நம்ம வீட்டு இட்லி, தோசையைத் தாண்டி உளுந்து தின்ன ஆள் எங்கே? வாங்குகிறவர் ஒருத்தரே என்றால் விலையும் அவர் வைத்ததுதான். நெல் விலை விழுந்தாலும் வீட்டில் சோறு உண்டு.

பீகு விவசாயி:
அதுக்குத்தானே அண்ணே 2021இல் இந்தியா வாங்கறதாக ஒப்பந்தம் போட்டார்கள்! வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை.

ரங்கூன் கடைக்காரர்:
ஐந்து வருஷத்துக்குத்தான் போட்டாங்க. கெடு வைத்த காகிதத்தை நம்பி நிலம் வாங்குவீங்களா?

தாட்டோன் அக்கா:
ரெண்டு பேரும் மூட்டைக் கணக்கே பேசுறீங்க. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். கீரை, கத்திரி, ரெண்டு பால்மாடு. தினமும் கையில் காசு வருது.

பீகு விவசாயி:
சாலை அடைபட்டால் கீரை பொழுது சாயறதுக்குள் வாடிடும் அக்கா. உளுந்தைக் காயவைத்து வேப்பிலை போட்டு வைத்தால் நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம்.

டெல்டாக்காரன்:
காத்திருக்க யாரால் முடியும்? கடன் இல்லாதவரால். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களிடம் 6 சதவீத நிலம் இருந்தது. நெல் விலை வீழ்ந்ததும் வட்டி கட்ட முடியாதவர்களின் வயல்கள் அவர்கள் கைக்கு மாறி, 1938க்குள் 25 சதவீதம் ஆச்சு. நம்ம ஆட்கள் எழுதின கணக்கு அது, சொல்லவே மனசு கனக்குது. பிறகு 1948 நில தேசியமயச் சட்டம் அந்தச் செட்டியார்களையும் விடவில்லை. 2008இல் நர்கிஸ் புயல் உப்புத்தண்ணீரை வயலில் ஏற்றினப்போ எங்க ஐராவதி டெல்டா பக்கம் விதைநெல்லுக்கே கடன்பட்டவர்கள் இன்னும் நிமிரவில்லை. என்ன பயிர் என்று கேட்காதீங்க. யாரிடம் கடன், எந்த மாதம் திருப்பணும், அதைக் கேளுங்க.

பீகு விவசாயி:
இதை ஒத்துக்கிறேன். கடன் கொடுத்தவங்க களத்திலேயே மூட்டையைத் தூக்கிட்டுப் போறாங்க. ஆனா நெல்லுக்கு வாங்கின கடனை எனக்கு அடைத்தது உளுந்துதான்.

ரங்கூன் கடைக்காரர்:
உளுந்து போடுங்க தம்பி, வேண்டாம் என்று சொல்லலை. வருஷச் சாப்பாட்டு நெல்லை மட்டும் விற்றுடாதீங்க.

தாட்டோன் அக்கா:
நிலமே இல்லாமல் கூலிக்கு வந்து உளுந்துச் செடி பிடுங்கறவங்களை இதுவரைக்கும் யாரும் பேசலையே? விலை விழுந்தால் முதலில் குறையறது அவங்க கூலிதான்.