புதுப்பிப்பு: மாத மளிகைப் பட்டியல் குழப்பம் தீர்ந்தது

பட்டியலோடு போயும் கடைக்குள் மூன்று சுற்று நடக்கிறேன், கொள்ளு வாங்க மறக்கிறேன் என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க. பலித்தது, கடையின் அலமாரி வரிசையிலேயே பட்டியல் எழுதச் சொன்ன அண்ணனின் வழிதான்: பருப்பு, மாவு, எண்ணெய், சோப்பு, கடைசியாகத் தயிர். செயலி ஒத்துவரவில்லை, ஒரு கையில் கூடையை வைத்துக்கொண்டு போனைத் தடவ முடியவில்லை. அதனால் சமையலறைக் கதவில் தாள் ஒட்டி, தீரத்தீர எழுதுகிறோம். அளவையும் எழுதிவிடுங்கள், வெறுமனே துவரம்பருப்பு என்று எழுதியதற்கு வீட்டுக்காரர் ஐந்து கிலோ தூக்கி வந்தார். எதிர்பாராதது என்னவென்றால், காய்கறிக்குத் தனித்தாள் போட்டதும் காய்கறி வாங்குவது முழுக்க ஈரோடு சம்பத் நகர் உழவர் சந்தைக்கு மாறிவிட்டது, விடிகாலையிலேயே போய்விடுகிறேன். அப்புறம், கொள்ளு இந்த மாதமும் வாங்கவில்லை. தாளில் எழுதவே மறந்துவிட்டேன்.