தாழம்பூர் கேட்டட் கம்யூனிட்டியா, மேடவாக்கத்தில் சின்ன ஃபிளாட்டா?

மாம்பலத்துக்காரி:
வணக்கம். சென்னை மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்காரருக்கு சிறுசேரியில் வேலை. மெட்ரோ பணி நடக்கிற ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் ரோடு) தினமும் போய் வந்து மனுஷன் பாதியாயிட்டார். மகள் ஒண்ணாம் வகுப்பு. மாமியாருக்கு 70 வயசு. காலையில் கோயில், திரும்பும்போது காய்கறிக் கடைன்னு நடந்து பழகினவங்க.

ரெண்டு வீடு பார்த்திருக்கோம். தாழம்பூரில் 400 வீடு உள்ள வளாகத்தில் 1,450 சதுர அடி, மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 5 ரூபாய். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் எல்லாம் உண்டு. இன்னொண்ணு மேடவாக்கத்தில் எட்டே வீடு உள்ள கட்டடம், முதல் மாடி, லிப்ட் கிடையாது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

படூர்வாசி:
சகோதரி, படூரில் இதே மாதிரி ஒரு வளாகத்தில் 2016-லிருந்து இருக்கேன். நடுவில் அசோசியேஷன் பொருளாளராவும் மாட்டிக்கிட்டதால கணக்கு வழக்கு தெரியும்.

உங்க பொண்ணுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. சாயங்காலம் கீழே இறங்கினா, சாப்பிடக் கூப்பிட்டாத்தான் மேலே வரும். வண்டி பயம் இல்லை, யார் வீட்டுல இருக்குன்னு தேடவும் வேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்காரர் ஊர்ல இல்லாதப்ப மாமியாருக்கு உடம்புக்கு முடியலைன்னா, ஒரு மெசேஜ் போட்டா நாலு பேர் கார் சாவியோட வருவாங்க. இதுக்கெல்லாம் விலை போட முடியாது.

ஆனா வாங்கப் போறப்ப நீச்சல் குளத்தைப் பார்க்காதீங்க, தரைக்கு அடியில இருக்கற தண்ணித் தொட்டியை, அதான் சம்ப்பைப் பாருங்க. எங்க பக்கம் லாரித் தண்ணிதான். விடியக்காலை நாலு மணியிலேருந்தே டேங்கருங்க வரிசை கட்டும். டிரைவர் ஹோஸை சம்ப்புல விடறதுக்கு முன்னாடி சூப்பர்வைசர் ஒரு டம்ளர் பிடிச்சு, தண்ணியில உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டரை முக்குவார். 1,000-க்கு மேல காட்டினா லாரியைத் திருப்பி அனுப்பணும்னு எங்க விதி. கோடையில சம்ப்பு காலியா இருக்கறப்ப 1,400 காட்டினாலும் இறக்கச் சொல்லிடுவோம். 2019-ல ஏரியெல்லாம் வத்தினப்ப லாரிக்காரர் சொன்னதுதான் விலை. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்தான் தண்ணி விட்டோம். நீச்சல் குளம் காய்ஞ்சு கிடந்தது, பசங்க அதுக்குள்ள கிரிக்கெட் ஆடினாங்க.

மெயின்டனன்ஸ் 5 ரூபாய்னா மாசம் 7,250. ஐம்பது பைசா ஏறினாலே 7,500-ஐத் தாண்டிடும். அதுக்கு மேல போனா 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தத் தொகைக்குமே கேட்டா விடாதீங்க. மேல உள்ள தொகைக்கு மட்டும்தான் வரின்னு சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல தீர்ப்பு சொல்லியிருக்கு. லிப்ட், மோட்டார், பொது விளக்குக்கான மின்சாரத்துக்கு 2022 செப்டம்பர்ல யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினாங்க. அன்னிக்கு பட்ஜெட்டைத் திரும்பப் போட்டவன் நான்.

மாமியார் விஷயம்தான் இழுக்குது. கீரைக்காரம்மாவை கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. காய்கறி வேன் புதன்கிழமை வரும், விலை எழுதி ஒட்டியிருக்கும், பேரமும் கிடையாது பேச்சும் கிடையாது. எங்க அம்மாவுக்கு அதுதான் பெரிய குறை. பெஞ்சுல உட்கார்ற பாட்டிங்க பாதிப் பேர் இந்தி, தெலுங்கு. அம்மா எப்படியோ மருமகள் புராணத்தை மட்டும் எல்லா பாஷையிலும் புரிஞ்சுக்கறாங்க.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. வீட்டு வேலைக்கு வர்றவங்க பலர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புக்காரங்க. ஆத்தங்கரையிலேருந்து அரசு கொண்டுவந்து இங்கே விட்ட ஜனங்க. வெளியே போறப்ப கேட்டுல பையைத் திறந்து காட்டணும், அவங்களுக்குத் தனி லிப்ட். அந்த லிப்ட் விதியை எடுக்கச் சொல்லி பொதுக்குழுவுல தீர்மானம் கொண்டுவந்தேன். கை தூக்கினது சொற்பம்.

செம்பாக்கம்_தனிவீடு:
நான் கம்யூனிட்டியை விட்டு வெளியே வந்தவன். தொட்டிச் செடி வைக்க அனுமதி, கொடியில் துணி காயப்போட அபராதம், நம்ம வீட்டுக்கு வர்ற மாமாவுக்கு ஓடிபி. போதும்டா சாமின்னு வந்துட்டேன். இப்ப மோட்டார் ரிப்பேர்னாலும் நான்தான், தெருநாய் தொல்லைன்னாலும் நான்தான், ஆனா யாரையும் கேட்க வேண்டாம்.

மேடவாக்கம்னா ஒரே எச்சரிக்கை. அந்தப் பக்கத்து வெள்ளமெல்லாம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைத் தேடித்தான் போகும். 2015-லயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் அந்தத் தெருவில் தண்ணி எதுவரை நின்னதுன்னு எதிர்வீட்டுக்காரரைக் கேளுங்க. புரோக்கரைக் கேட்காதீங்க.

பத்திரம்_படிப்பவன்:
இரண்டிலும் முதலில் யுடிஎஸ், அதாவது மனையில் உங்கள் வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு என்று பாருங்கள். எட்டு வீட்டுக் கட்டடத்தில் பொதுவாக நிலப் பங்கு கூடுதலாகக் கிடைக்கும். பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத கட்டடம் என்பதால் பொது மின் கட்டணத்திலும் சலுகை உண்டு, 2023-ல் அறிவித்தார்கள்.

பெரிய வளாகத்தில் விற்பனைப் படத்தில் பச்சையாகக் காட்டும் பூங்கா யாருடையது என்று கேளுங்கள். மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். அது ஊர்ப் பொது நிலம். சில இடங்களில் அதையும் சேர்த்துச் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். நாளைக்கு அதிகாரிகள் இடித்தால் புலம்பிப் பயனில்லை. கட்டுமானக் குறை வந்தால், ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பில்டர்தான் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தாழம்பூர் வீடு ரீசேல் என்றால் அதில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மாம்பலத்துக்காரி:
எல்லாருக்கும் நன்றி. முதல்ல தாழம்பூர்லயே ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்க்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். வாடகைக்கு இருக்கறவங்களுக்கு அசோசியேஷன்ல பேச்சு உண்டா?

படூர்வாசி:
நல்ல யோசனை. ஏப்ரல், மே ரெண்டு மாசமும் அதுக்குள்ள வர்ற மாதிரி பார்த்துக்குங்க. ஓட்டு ஓனருக்குத்தான். வாட்ஸ்அப் குரூப்புல சண்டை போட எல்லாருக்கும் உரிமை உண்டு.