வாடிக்கையாளர் தரவு மசோதா: சட்டமாகும் முன்பே என்னென்ன செய்து வைக்கலாம்?

இணைய மன்றத்தில் கணக்குமேசை என்ற உறுப்பினர் கேட்டது:

வணிக நிறுவனங்கள் வாடிக்கையாளரின் தனிப்பட்ட தரவை எப்படிக் கையாள வேண்டும் என்ற மசோதா ஒன்று பொதுமக்கள் கருத்துக்காக வெளியாகியிருக்கிறது. எங்களுடையது 14 பேர் வேலை செய்யும் இணைய விற்பனை நிறுவனம். ஆர்டர் தரவுத்தளம், மின்னஞ்சல் அனுப்பித் தரும் வெளிச் சேவை, வலைத்தளத்தில் அனலிட்டிக்ஸ் (வருகையாளர் புள்ளிவிவரம்), உதவி மையத்துக்கு வரும் டிக்கெட்டுகள் (வாடிக்கையாளரின் கோரிக்கைப் பதிவுகள்), தினமும் இரவில் ஓடும் பேக்கப் (90 நாள் வைத்திருப்போம்) ஆகியவை எங்களிடம் உள்ளன. கார்டு எண்கள் பேமென்ட் கேட்வேயோடு நின்றுவிடும்.

மூன்று சந்தேகங்கள். மசோதாவில் எந்தப் பகுதியை முதலில் படிப்பது? ஒருவர் தன் தரவை அழிக்கச் சொன்னால் பேக்கப்பில் இருப்பதை என்ன செய்வது? கைபேசி எண்ணை ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி, வைத்தால் அது தனிப்பட்ட தரவே அல்ல என்கிறார் டெவலப்பர். சரிதானா?

உட்பிரிவு என்ற உறுப்பினரின் பதில்:

எல்லாரும் அபராதப் பிரிவுக்குத்தான் முதலில் ஓடுவார்கள். நீங்கள் வரையறைகளிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது அங்கேதான் முடிவாகிறது.

“தனிப்பட்ட தரவு” என்பதற்குப் பெயர், முகவரி, அடையாள எண் என்று பட்டியல் மட்டும் இருந்தால் எல்லை சிறியது. “நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரோடு இணைக்கக்கூடியது” என்று எழுதியிருந்தால் குக்கீ அடையாளம், ஐபி முகவரி, டிக்கெட்டில் அவர் எழுதிய வரிகள் எல்லாமே உள்ளே வந்துவிடும். அடிக்கடி மாறும் ஐபி முகவரியும் தனிப்பட்ட தரவாகலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. கலிஃபோர்னியா சட்டமோ தனிநபரைத் தாண்டி, ஒரு குடும்பத்தோடு இணைக்கக்கூடிய தரவையும் சேர்க்கிறது.

பலர் தாண்டிப் போய்விடும் சொல் “விற்பனை”. பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால்தான் விற்பனையா, வேறு பயனுக்காகக் கொடுத்தாலும் விற்பனையா? கலிஃபோர்னியாவில் இரண்டாவதும் விற்பனைதான். அதே வரையறை உங்கள் மசோதாவிலும் இருந்தால், “நாங்கள் யாருக்கும் தரவை விற்பதில்லை” என்று வலைத்தளத்தில் போட்டிருக்கும் வரி, வருபவரைப் பின்தொடரும் விளம்பர டிராக்கர் ஒன்று இருந்தாலே பொய்யாகிவிடும்.

அதன் பிறகு, எந்த அடிப்படையில் தரவைக் கையாளலாம் என்ற பிரிவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் ஆறு அடிப்படைகளைத் தருகிறது, ஒப்புதல் அவற்றில் ஒன்றுதான். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்புதல், அது இல்லையென்றால் சட்டமே வரையறுத்த சில பயன்பாடுகள், அவ்வளவே. கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் அறிவித்துவிட்டுச் சேகரிக்கலாம், வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். உங்கள் மசோதா இவற்றில் எந்த வழியில் போகிறது என்று தெரியாமல் ஒப்புதல் பெட்டியை வடிவமைக்கத் தொடங்காதீர்கள், பாதி வேலை வீணாகும்.

14 பேர்தானே, நம்மைத் தொடாது என்று முடிவு கட்டவும் வேண்டாம். விலக்கு எதை வைத்து என்று பாருங்கள்: ஆள் எண்ணிக்கையா, வருவாயா, எத்தனை பேரின் தரவு என்பதா? ஜிடிபிஆரில் 250 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்குப் பதிவேடு விஷயத்தில் ஒரு சலுகை உண்டு. ஆனால் எப்போதாவது அல்லாமல் வழக்கமாகவே தரவைக் கையாண்டால் அது பொருந்தாது. தினமும் ஆர்டர் எடுக்கும் கடைக்கு அதனால் பயனில்லை.

வரிசைநிரல்:

மூன்றாவது கேள்விக்கு முதலில். சரியில்லை. பத்து இலக்க எண்கள் மொத்தமே 1000 கோடிதான். எஸ்ஹெச்ஏ-256 போன்ற வேகமான ஹாஷை ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டில் அத்தனை எண்களுக்கும் போட்டு ஒப்பிடச் சில நிமிடம் போதும். ஹாஷைத் திருப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் சாத்தியமான எண்களையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்ப்பவருக்குத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. பெயரை நீக்குவதும் போதாது. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைச் சேர்த்தாலே அமெரிக்க மக்களில் 87% பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000-இல் 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் காட்டினார்.

அழிப்புக்கு வருவோம். முதல் வேலை தரவு வரைபடம். ஒரு விரிதாள் போதும். பெயர், கைபேசி எண் என ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு வரி: எங்கிருந்து வருகிறது, எங்கே கிடக்கிறது, எதற்காக, யாருக்குப் போகிறது, எத்தனை நாள், அழிப்பது யார். “எதற்காக” என்ற கட்டம் காலியாக நிற்கும் புலங்களைச் சேகரிப்பதையே நிறுத்திவிடுங்கள். அதைவிட மலிவான தயாரிப்பு வேறில்லை.

வரைபடத்தில் விட்டுப்போகும் இடங்கள் எப்போதும் இவையேதான்: சோதனைச் சர்வரில் கிடக்கும் உண்மைத் தரவின் நகல், யாரோ இறக்கி வைத்த சிஎஸ்வி கோப்பு, பிழை லாக்கில் அப்படியே பதிவான மின்னஞ்சல், டிக்கெட்டில் வாடிக்கையாளர் இணைத்த படம், வெளிச் சேவையில் ஏற்றிய பழைய முகவரிப் பட்டியல்.

பேக்கப்பில் ஒருவரின் வரியை மட்டும் தேடி நீக்கப் போகாதீர்கள், கோப்பு சிதைந்தால் பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான். நடைமுறை வழி: நேரடித் தரவுத்தளத்தில் உடனே அழியுங்கள், அழித்தவரின் உள் எண்ணை மட்டும் தனிப் பட்டியலில் சேருங்கள். எப்போதாவது பேக்கப்பை மீட்டால், சர்வரைத் திறந்துவிடும் முன் அந்தப் பட்டியலை ஓட்டி மறுபடி அழித்துவிடுங்கள். 90 நாளில் பழைய பேக்கப்புகள் தானாகப் போய்விடும். அந்தப் பட்டியல் தரவுத்தளத்துக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளேயே வைத்தால் மீட்கும்போது பட்டியலும் பழைய நிலைக்குப் போய்விடும், அழித்தவர் திரும்பி வந்துவிடுவார்.

விலைப்பட்டியலை வரிச் சட்டத்துக்காக வைத்தே ஆக வேண்டியிருக்கும். அதற்காக முழு வாடிக்கையாளர் கணக்கையும் வைக்க வேண்டியதில்லை. கணக்கை அழியுங்கள், சட்டம் கேட்கும் புலங்களை மட்டும் தனி அட்டவணைக்கு மாற்றி, அதைப் பார்க்கும் உரிமையைக் கணக்குப் பிரிவோடு நிறுத்துங்கள். எதை, ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று பதிலில் சொல்லிவிடுங்கள்.

கணக்குமேசை:

இருவருக்கும் நன்றி. விளம்பர மின்னஞ்சல் வேண்டாம் என்றவர் முழுக் கணக்கையும் அழிக்கச் சொன்னால், முகவரியும் போய்விடுமே. பழைய பட்டியல் ஒன்றை மறுபடி ஏற்றினால் அவருக்கு மின்னஞ்சல் போய்விடாதா?

வரிசைநிரல்:

போய்விடும். அதற்கு எச்மேக் உதவும், அதாவது ரகசியச் சாவி ஒன்றையும் சேர்த்துப் போடும் ஹாஷ். முகவரியைச் சிறிய எழுத்தாக்கி, முன்பின் இடைவெளியை நீக்கி, ஹாஷ் போட்டு வையுங்கள், சாவி வேறிடத்தில் இருக்கட்டும். ஏற்றும் ஒவ்வொரு முகவரியையும் இதே வழியில் மாற்றி ஒப்பிடுங்கள். சாவி உங்களிடம் இருக்கும்வரை இதுவும் தனிப்பட்ட தரவுதான். எனவே அதைத் தடுப்புக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், அவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

கால்புள்ளி:

யாரும் தொடாத ஒன்று, கால அளவு. கோரிக்கைக்குப் பதில் தர ஜிடிபிஆர் ஒரு மாதம் தருகிறது, கலிஃபோர்னியா 45 நாள். இரண்டிலும் நீட்டிப்பு உண்டு. தரவுக் கசிவைக் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க ஜிடிபிஆரில் 72 மணி நேரம், விடுமுறை நாளும் அதில் அடக்கம். அது ஓடத் தொடங்குவது கசிவு நடந்த நொடியிலிருந்தா, தெரிய வந்ததிலிருந்தா? ஜிடிபிஆரில் தெரிய வந்ததிலிருந்து. உங்கள் மசோதா இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கட்டாயம் எழுதிக் கேளுங்கள். மின்னஞ்சல் சேவையில் கசிந்தால் அவர்கள் 24 மணி நேரத்துக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எண்ணாகவே போடுங்கள். “தாமதமின்றி” என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்வார்கள்.

மசோதா பற்றிய கருத்தை எழுதும்போது “இந்த மசோதா வணிகத்தைப் பாதிக்கும்” என்று பொதுவாக எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் கேட்கும் மாற்று வாசகம், அதற்குக் காரணமாக இரண்டு மூன்று வரி, அவ்வளவு போதும். பேக்கப் பற்றிய வரி ஒன்றையும் கேளுங்கள்: “காப்பு நகல்களில் உள்ள தரவு வழக்கமான சுழற்சியில் அழிந்தால் போதும், அதுவரை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது”.

வாடிக்கையாளர் பக்கமும் நின்று பாருங்கள். இந்தியச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம், ஆனால் அது அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடையாது. உங்கள் மசோதாவிலும் அப்படித்தான் இருக்கிறதென்றால், அதைச் சுட்டிக்காட்ட வணிகர்களுக்கும் உரிமை உண்டு.