புதுப்பிப்பு: லுவாங் பிரபாங், மழைக்காலத் திருத்தம்

லாவோஸின் பழைய அரச ஊருக்கு இரண்டு நாள் போதும், 'நாம் கான்' என்ற ஆற்றை மூங்கில் பாலத்தில் தாண்டலாம் என்று இதே இழையில் எழுதியிருந்தேன். ஆகஸ்டில் போகும் முத்தியால்பேட்டை அண்ணன் கேட்டதால் திருத்துகிறேன்: அப்போது பாலமே இருக்காது. மழை விட்டதும் கட்டி, வெள்ளம் இழுத்துப் போகுமுன் பிரித்துவிடுவார்கள். பழைய இரும்புப் பாலம் வழியாகச் சுற்றி நடக்கணும்.

1904-இல் கட்டத் தொடங்கிய அரண்மனை 1975-இல் மன்னராட்சி முடிந்தபின் அருங்காட்சியகமானது. தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். பை, கேமரா உள்ளே கூடாது. நம்ம புதுச்சேரி ஒயிட் டவுன் பிரெஞ்சு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இங்கே தெரு புதுசில்லை. வாட் சியெங் தோங் கோயில்தான் புதுசு: கூரை அடுக்கடுக்காகத் தரையை நோக்கித் தாழும், பின்சுவரில் கிளை விரித்த மரத்தின் உருவம், கண்ணாடிச் சில்லு பதித்தே செய்தது. சாயங்கால வெயிலில் பாருங்கள்.

விடியற்காலை பிட்சைக்கு வரும் துறவிகளை ஃபிளாஷ் போட்டு மறிக்காதீர்கள். எதிர்ச்சாரியில் நின்றால் போதும்.

மார்ச், ஏப்ரல் வேண்டாம். மலைக்காட்டை எரித்து விதைக்கும் பருவம். புகையில் ஃபூசி குன்றேறியும் மேக்கொங் மங்கலாகத்தான் தெரியும். குவாங் சி அருவி சுமார் 30 கிலோமீட்டர், அதற்கே அரை நாள். ஆக, மூன்று நாள் வையுங்கள்.