புதுப்பிப்பு: காமினோ நடைக்குப் புதுச்சேரியிலிருந்து தயாராவது

காமினோ என்பது ஸ்பெயினில் உள்ள சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா தேவாலயத்துக்கு நடந்தே போகும் யாத்திரை. அதில் நாம் பேசும் பாதை பிரான்சில் தொடங்குவதால் புதுச்சேரி பிரெஞ்சுத் தூதரகம் வழியாக விசா எடுக்கலாம் என்று முதல் பதிவில் எழுதியது தவறு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கான பொது விசா) கேட்க வேண்டும். பிரான்சு எல்லையோர ஊரான சான் ழான் பியே தெ போரில் புறப்படுகிறவர் பெரும்பாலும் அன்றே எல்லை தாண்டிவிடுவார்; மிச்சம் 700 கிலோமீட்டருக்கு மேல் ஸ்பெயின். ஆகவே ஸ்பெயின் விசாதான். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கணும்.

அடுத்தது பயிற்சி. கடலூர் வரை ஈசிஆரில் நடந்தால் மூச்சு பழகும், முட்டி பழகாது. முதல் நாளே பிரனீஸ் மலையில் ஏறத்தாழ 1,250 மீட்டர் ஏற்றம், கடைசியில் செங்குத்தான இறக்கம். இறங்கும்போது விரல்கள் ஷூ முனையில் இடித்து நகம் கறுத்துப்போகும். இதற்குச் செஞ்சி ராஜகிரிதான் நமக்குப் பக்கத்து மருந்து: முதுகில் 6 கிலோ பையோடு ஏறி, மெதுவாக இறங்குங்கள். ஷூ அரை அளவு பெரிதாக, குதிகால் நழுவாதபடி கணுக்காலில் இறுக்கிக் கட்டணும். பருத்திக் காலுறை வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து கொப்புளம் போடும்.

நவம்பர் முதல் மார்ச் வரை அந்தப் பிரனீஸ் மலைப்பாதை மூடியிருக்கும், அப்போது பள்ளத்தாக்கு வழியான வால்கார்லோஸ் பாதைதான். யாத்திரை முடித்த சான்றிதழ் மட்டும் போதும் என்பவர்கள் ஸ்பெயினின் சாரியா ஊரில் தொடங்கலாம், அங்கிருந்து சாந்தியாகோவுக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் யாத்திரைப் புத்தகத்தில் தினம் இரண்டு முத்திரை கட்டாயம்.

ஜப்பானின் ஷிகோகு 88 கோயில் நடை பற்றிக் கேட்டவர்களுக்கு: சுமார் 1,200 கிலோமீட்டர். கோயில்களில் முத்திரை போடும் அலுவலகம் மாலை 5 மணிக்கு மூடிவிடும், அதை வைத்தே நாளைத் திட்டமிடுங்கள்.