ஓடும் ரயிலிலிருந்து பாலத்தையும் கப்பலையும் படமெடுக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஓடும் ரயிலின் சன்னலோரம் அமர்ந்து, பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கு இடையே தெரியும் கப்பலைப் படமெடுக்கும்போது, ஷட்டர் வேகத்தை (கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை) 1/1000 நொடியில் வைத்தால் தொலைவிலுள்ள கப்பல் தெளிவாக விழுகிறது. அருகில் விரையும் சட்டங்களோ கலங்கிவிடுகின்றன. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரிவரியாகப் பதிவு செய்வதால் நேரான தூண்கள்கூடச் சாய்ந்துவிடுகின்றன; ஆகவே மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துகிறேன். கண்ணாடியில் என் சட்டையே பிரதிபலிப்பதுதான் பெருந்தொல்லை. போலரைசர் ஃபில்டர் அதைக் குறைத்தாலும், ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால், மாலை வேளையில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறன் அளவை, உயர்த்த நேர்கிறது. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாலோ ரயிலின் அதிர்வு முழுவதும் கேமராவுக்கு வந்துவிடுகிறது. இதற்கு ரப்பர் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் ரப்பர் வளையம்) உதவுமா? சட்டங்கள் குறுக்கிடாத நொடியைப் பிடிக்க தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்கும் பர்ஸ்ட் முறை போதுமா? அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.